ஏழு நீர்ப்பல்லிகள்

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாளியைக் குட்டையில் கவிழ்த்தார் கவ்ரிலா. அறுபத்து மூன்று வயதில் முதல் திருட்டுத்தனம்.

"ஏழும் இறங்கிடுச்சா?" வேலியோரம் காவலுக்கு நின்ற மனைவி சவேதா கேட்டாள்.

"ஆறு இறங்கிடுச்சு. ஒண்ணு மட்டும் வாளியை விட்டு வரமாட்டேங்குது."

"அதுக்கும் இருந்த இடத்தை விட்டுப் போக மனசில்லை போல."

முதுகில் சீப்புப் போலக் கொண்டையும் ஆரஞ்சு வயிறுமாக இருந்த அந்த நீர்ப்பல்லிகளை, மச்சான் ஊர்ச் சதுப்பிலிருந்து முந்தின நாள்தான் கவ்ரிலா பிடித்து வந்திருந்தார். சாலைத் திட்ட அதிகாரி ஒருவர் குட்டையைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்ததும் எடுத்த முடிவு அது.

தலைநகர் புக்காரெஸ்ட்டில் யாரோ வரைபடத்தில் இழுத்த கோடு, அவர் வீட்டின் மேலும் நூற்று நாற்பது பிளம் மரங்களின் மேலும் ஓடியது. நெடுஞ்சாலையாம். மூன்று மனு போட்டார். மூன்றும் கிணற்றில் போட்ட கல். பக்கத்து மாவட்டத்திலோ, இதே நீர்ப்பல்லி இருந்ததற்காகச் சாலையையே வளைத்துவிட்டார்கள் என்று டி.வி.யில் சொன்னார்கள்.

"மனுஷன் இருக்கான்னு எழுதினோம், ஒருத்தனும் திரும்பிப் பார்க்கலை. பல்லி இருக்குன்னா மட்டும் பார்ப்பானுங்களா?" என்றாள் சவேதா.

"பார்ப்பானுங்க. பல்லிக்குச் சட்டம் இருக்கு. நமக்கு என்ன இருக்கு?"

பத்து மணிக்கு, நெடுஞ்சாலைத் திட்டத்தின் சுற்றுச்சூழல் அதிகாரி இலிங்கா வந்து சேர்ந்தாள். சின்னப் பெண். ரப்பர் பூட்ஸோடு நேராகக் குட்டைக்குள் இறங்கி வலையை வீசினாள். மூன்றாவது வீச்சிலேயே ஒன்று சிக்கியது.

"அடடா, கொண்டை நீர்ப்பல்லி!"

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் கவ்ரிலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இதுங்க எவ்வளவு நாளா இங்க இருக்கு, ஐயா?"

"நாளா? எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்கும்மா. வசந்த காலத்துல வந்து பாருங்க, கால் வைக்க இடமிருக்காது!"

போதும் என்பது போல் சவேதா அவர் இடுப்பில் கிள்ளினாள்.

"ஆகஸ்ட்ல தண்ணி வத்துமா?"

"வத்தவே வத்தாது."

"மீன் இருக்கா? மீன் இருந்தா குஞ்சைத் தின்னுடும்."

"பேருக்குக்கூட ஒண்ணு கிடையாது."

"பூனை?"

"பூனைன்னாலே எங்களுக்கு ஆகாதும்மா."

ஜன்னலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பூனையைச் சவேதா அவசரமாக உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் அவர் காதில் கிசுகிசுத்தாள். "என்னங்க இவ, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவ மாதிரி கேக்குறா?"

"சும்மா இரு. கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்."

இலிங்கா ஒரு படிவத்தை நீட்டினாள். நீர்ப்பல்லிகள் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன என்று எழுதி, கவ்ரிலா அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். வருடக்கணக்கில் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. பிளம் சாராய பாட்டிலை எடுத்து மூன்று பேருக்கும் ஊற்றத் தொடங்கினார்.

"அப்ப, ரோடு இந்தப் பக்கம் வராதில்லம்மா?"

"ரோடா? அது மலைக்கு அந்தப் பக்கம் மாறி ரெண்டு மாசமாச்சே! மாவட்ட ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருந்தோம், பார்க்கலையா?"

சவேதா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். கவ்ரிலாவுக்குத்தான் ஏதோ உறுத்தியது.

"அப்படின்னா... நீங்க எதுக்கும்மா வந்தீங்க?"

"மலைக்கு அந்தப் பக்கம் இருக்குற குட்டை ரோட்டுக்குப் போயிடுச்சு, ஐயா. அதுல நானூறு நீர்ப்பல்லி இருக்கு. அதே இனம் ஏற்கெனவே வாழற குட்டையிலதான் அதுங்களைக் கொண்டுபோய் விடணும்னு விதி. ஊர் ஊரா அலைஞ்சோம், நல்லவேளை உங்க குட்டை கிடைச்சுது. சுத்தி இருநூறு மீட்டருக்கு வீடு, தோட்டம் எதுவும் இருக்கக் கூடாது. ரெண்டு பேரும் இலையுதிர் காலத்துக்குள்ள காலி பண்ணிடுங்க."

சாராயம் கிளாஸ் நிறைந்து மேஜையில் வழிந்தது. கவ்ரிலா கவனிக்கவில்லை.

"ஐயோ, பொய் சொல்லிட்டேம்மா! அந்த ஏழும் நான் கொண்டாந்து விட்டது. இன்னிக்குக் காலையிலதான் விட்டேன். சத்தியமா! சவேதா, நீயாவது சொல்லேன்!"

இலிங்கா படிவத்தை உறைக்குள் வைத்து ஒட்டினாள். நிஜமான இரக்கத்தோடு அவர் தோளைத் தொட்டாள்.

"வீட்டைக் காலி பண்ணணும்னதும் எல்லாரும் இதையேதான் சொல்றாங்க, ஐயா."