இழுக்கிற வண்டி

பழைய காரின் அடியில் அவள் மல்லாந்து கிடக்கிறாள். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டின் நட்டு துருவேறி அடம்பிடிக்கிறது. ஸ்பானர் மறுபடி வழுக்கி விரலைச் சிராய்க்கிறது. துருத்தூள் கண்ணில் உதிர்கிறது. "ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்புங்க!" மூட்டோடு சேர்ந்த கம்பி வலப்பக்கம் நகர்கிறது. "உனக்கு இடதா, எனக்கு இடதா?" மேலே சீட்டிலிருந்து கணவன் கேட்கிறான். "உங்க அம்மாவுக்கு இடது!" "வண்டி லேசா ஒரு பக்கமா இழுக்குது, அவ்வளவுதானே? அதுக்கு லீவு நாளைக் கெடுக்கணுமா?" அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பானரை எட்டி உதைக்கிறாள். நட்டு இளகுகிறது. மூட்டைக் கழற்றி வெளியே நீட்டுகிறாள். அவன் இறங்கி வந்து வாங்குகிறான். உள்ளே இறுகப் பொருந்தியிருக்க வேண்டிய இரும்புக்குமிழ் குழியிலிருந்து தானாகவே நழுவித் தரையில் உருள்கிறது. அவன் அதையே பார்க்கிறான். "இதை வெச்சுக்கிட்டா நேத்து பாப்பாவ மேம்பாலத்துல கூட்டிட்டு வந்தேன்?" காருக்கடியில் அவள் மறுபக்கச் சக்கரத்தின் மூட்டில் ஸ்பானரை மாட்டுகிறாள்.