சாவி கைக்கு வரும் நாள்

லாரி வந்துவிட்டது. அதில் சோபாவும் வந்துவிட்டது. கடல் வழக்கம்போல அதன் இடத்தில்தான் இருந்தது.

சாவிதான் வரவில்லை.

ஹிலரி மறுபடியும் காரிலிருந்து இறங்கி, புது வீட்டு ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். காலி அறை. எதிர்ச்சுவரில் இன்னொரு ஜன்னல். அந்த ஜன்னல் முழுக்கக் கடல். கல்யாணமான புதிதில் இந்தச் சிட்மத் கடற்கரைக்கு வந்து, ஐஸ்கிரீம் கையில் உருகி வழிய, இங்கேயே இருந்துவிடலாமே என்று ஆசைப்பட்டவள். இன்று ராத்திரி அந்த அலைச் சத்தத்தில் தூங்கப்போகிறாள்.

ஐந்து மணிக்குள் சாவி வந்தால்.

வெள்ளிக்கிழமை. ஐந்துக்கு மேல் வக்கீலும் வங்கியும் வீடு விற்றுத்தரும் ஏஜென்ட்டும் கடையைக் கட்டிவிடுவார்கள். பிறகு திங்கட்கிழமைதான்.

அவள் கணவர் டெரன்ஸ் விட்டிகோம் நடைபாதையில் நின்று போனில் கர்ஜித்துக்கொண்டிருந்தார். பழைய ஊரான எக்ஸிட்டரில், புல்தரையில் பந்து உருட்டும் சங்கத்தின் துணைத் தலைவர். ‘துணை’யை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்.

“இந்தச் சங்கிலியில யாரோ ஒரு முட்டாள் இருக்கான். அவன் யாருன்னு தெரியாம நான் விடமாட்டேன்!”

சங்கிலி என்று அவர் சொன்னது இதைத்தான். இவர்கள் வீட்டை ஒரு இளம் ஜோடி வாங்குகிறது. அந்தப் பணத்தில் இவர்கள் இந்த வீட்டை வாங்குகிறார்கள். இந்த வீட்டை விற்கிற அம்மா அதே பணத்தில் மகள் ஊரில் ஒரு பிளாட் வாங்குகிறார். எல்லாம் இன்றைக்கே. ரயில் பெட்டிகள் மாதிரி, ஒன்று நகராவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

முட்டாள்களில் டெரன்ஸுக்குப் பல ரகம் தெரியும். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள். வேலிச்செடியை வெட்டாதவர்கள். பூந்தொட்டிக்கு அடியில் மாற்றுச் சாவி வைத்துத் திருடனுக்கு விருந்து வைக்கிறவர்கள். இன்றைக்கு மாட்டியவன் எந்த ரகம் என்பதுதான் தெரியவில்லை.

“கத்தினா சாவி வராது, டெரன்ஸ். பிளாஸ்க்குல டீ இருக்கு, அது வேணா வரும்.”

லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான் கெவ், சாமான் இறக்க வந்தவன். “தலைவரே, அஞ்சு அடிச்சா நாங்க கிளம்பிடுவோம். சோபா வேணும்னா இப்பவே சொல்லுங்க, பீச்சுல போட்டுட்டுப் போறோம்.”

டெரன்ஸ் அவன் பக்கம் திரும்பினார். பாடம் எடுத்தார். ஒரு வீட்டை எப்படி ஒப்படைக்க வேண்டும் தெரியுமா என்று போனில் ஒரு படத்தைக் காட்டினார். காலையில் அவரே எடுத்தது. துடைத்துப் பளபளக்கும் பழைய சமையல் மேடை. நடுவில், புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு ஷாம்பெயின் பாட்டில், சங்கத்துக் குலுக்கலில் விழுந்தது. பாட்டில் கழுத்தில் நீல நாடா. நாடாவில் வீட்டுச் சாவிகள் மொத்தமும், ஒவ்வொன்றிலும் எந்தக் கதவு என்று அழகான கையெழுத்தில் சீட்டு. படம் எடுத்த கையோடு வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தியபோது தெருவே திரும்பிப் பார்த்தது.

“மரியாதைன்னா இது. எல்லாரும் இப்படி இருந்தா இந்த நாடு எங்கேயோ போயிருக்கும்.”

கெவ் படத்தை உற்றுப் பார்த்தான். “பாட்டில் நல்ல பாட்டில்,” என்றான்.

டெரன்ஸ் அடுத்து ஏஜென்ட்டின் தலைமை அலுவலகத்துக்கே போன் போட்டார். காத்திருக்கச் சொல்லிப் பாட்டு வைத்தார்கள். தேசிய கீதம் கேட்பவர் போல விறைப்பாக நின்றார்.

அப்போதுதான் ஹிலரியின் கைப்பைக்குள் மணி அடித்தது. ஏஜென்ட் ஆபீஸ் பெண் சிமோன்.

“அப்பாடா, நீங்களாவது எடுத்தீங்களே மேடம்! சார் நம்பருக்கு மத்தியானத்துலேர்ந்து அடிக்கிறோம். பிஸி, பிஸி, பிஸி.”

ஹிலரி கேட்டாள். கேட்கக் கேட்க அவள் பார்வை கணவரின் முதுகில் போய் நின்றது. வேலியோரமாக நகர்ந்து, குரலைத் தணித்து, ஏதோ சொன்னாள். தோள் குலுங்கியது.

“என்னக்கா, அழறீங்களா?” என்றான் கெவ்.

“இல்லப்பா. டீ புரையேறிடுச்சு.”

ஐந்துக்குக் கொஞ்சம் இருக்கும்போது சிமோனின் சின்னக் கார் மூச்சிரைக்க வந்து நின்றது. கையில் சாவி. ஹிலரி நடைபாதை என்றும் பாராமல் ஒரு துள்ளு துள்ளினாள்.

டெரன்ஸ் வாளை உறையில் போடுவது போலப் போனைப் பையில் போட்டார். “பாத்தியா ஹில்? அழுத்திப் பேசினாத்தான் வேலை நடக்கும். ஏம்மா, யாரு அந்த முட்டாள்?”

சிமோன் ஹிலரியைப் பார்த்தாள். “சங்கிலியோட அடியில சார், ஒரு சின்னக் குழப்பம். அங்க சாவி கைக்கு வராம வக்கீல் பணத்தை விடல. இப்ப சரியாயிடுச்சு.”

“சொன்னேன்ல! அடியில இருக்கிறவன்தான்!” கதவைத் திறந்து, கைதட்டலை எதிர்பார்ப்பவர் போல உள்ளே போனார்.

சிமோன் கிசுகிசுத்தாள். “பாவம் மேடம் அந்த ஜோடி. கைக்குழந்தையோட உங்க பழைய வீட்டு வாசல்லயே நின்னுருக்காங்க. சமையல் ஜன்னல் வழியா பாட்டில் தெரியுதாம், நாடா தெரியுதாம், சாவியும் தெரியுதாம். கதவுதான் தானா பூட்டிக்கிட்டிருக்கு. நல்லவேளை, நீங்க சொன்ன லாவண்டர் தொட்டிக்கு அடியில மாத்துச் சாவி ஒண்ணு இருந்துச்சு.”

உள்ளேயிருந்து டெரன்ஸ் கூப்பிட்டார். “ஹில்! சோபா எங்க போடணும்னு வந்து சொல்லு!”

ஹிலரி லாரிப் பக்கம் திரும்பினாள்.

“கெவ், சோபா கிடக்கட்டும். முதல்ல ஒரு பூந்தொட்டிய இறக்கி வாசல்ல வை.”