கையில் இல்லாதது

வேலைக்கு வரும் எல்லோரும் தினமும் காலையில் போனில் எழுதி அனுப்ப வேண்டும் என்று மில்லில் உத்தரவு வந்தபோது பூங்கோதைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பழைய கிரேக்க ஞானிகளின் வழியாம். என் கையில் இருப்பது முதல் பக்கம், இல்லாதது இரண்டாம் பக்கம். ஆனால் எழுத எழுத மனசு லேசானது. விபத்துக்குப் பிறகு நினைவில்லாமல் கிடந்த கணவன் சென்னியப்பனைப் பற்றி நாற்பது நாளும் இரண்டாம் பக்கத்தில் ஒரே வரியைத்தான் எழுதினாள்: "அவர் கண் திறப்பது."

நாற்பத்தொன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பத்து மணிக்கு மூச்சு மெஷினை நிறுத்தப்போகிறார்களாம். அலறியடித்துக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் சின்னப் பெண். கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி, பூங்கோதை மில்லுக்கு எழுதிய அதே வரியைக் காட்டினாள்.

"மில்லுக்கு எழுதறது இங்கயும் வந்துருமுங்கக்கா. அவர் கண் திறக்கறது உங்க கையில இல்லைன்னு நீங்க மனசார ஏத்துக்கிட்டதா உங்க எழுத்தே சொல்லுதுங்க. இப்பெல்லாம் தனியாக் கையெழுத்து வாங்கறதில்லைங்க."

"மனசு ஆறட்டும்னு எழுதுனதுங்க அது! அவரை உடச் சொல்லியா எழுதுனேன்?"

"மாத்தி எழுதிப் பாருங்கக்கா. என்னால எதுவும் பண்ண முடியாது."

அவள் அவசர அவசரமாகப் போனை எடுத்து முதல் பக்கத்தில் கணவன் பெயரை எழுதினாள். உடனே போனிலேயே பதில் வந்தது: "பதற்றத்தில் எழுதியது ஏற்கப்படாது. நாளை காலை அமைதியாக எழுதவும்."

பத்தாக இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. பூங்கோதை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, அவன் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கதகதப்பாக இருந்தன.