நாலு வாக்கியம்

மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டாள்.

"பெ…"

உதடுகள் ஒட்டிக்கொண்டன. பிரியவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். பல்கலைக்கழகப் பேருந்தின் ஓட்டுநர். அவருக்கு முன்னால் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள் ஒரு நட்சத்திரம். நட்சத்திரம் வரைந்த தாளையும் அவர் கையையும் ஒரு தகடு மறைத்திருந்தது. கண்ணாடியில் மட்டும் பார்த்து, அந்த நட்சத்திரத்தின் மேல் பென்சிலால் கோடு இழுக்க வேண்டும்.

உளவியல் இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வு. வகுப்பே ஒன்பது பேர்தான். ஆளுக்கொருவரைக் கூட்டி வந்து சோதனை நடத்திக் காட்ட வேண்டும். மற்றவர்கள் விடுதித் தோழிகளைக் கூட்டி வந்தார்கள். அவள் ஓட்டுநரைக் கேட்டாள். நேற்று அதைக் கேட்டு முடிக்கவே மூன்று முறை போக வேண்டியிருந்தது.

வந்தவரிடம் அறிவுறுத்தலை வாயால் சொல்ல வேண்டும். நாலு வாக்கியம். ஒரு சொல்கூட மாறக் கூடாது.

அங்கேதான் வம்பு.

சொல்லை மாற்றித்தான் இத்தனை வருடமும் பிழைத்திருக்கிறாள். கீரனூர் என்பது வாயில் வராமல், அடுத்த ஊருக்குச் சீட்டு வாங்கி, இறங்கி, வெயிலில் திரும்பி நடந்திருக்கிறாள். "பேச்சே வராத புள்ளைக்குப் பேசுற படிப்பா?" என்று மாமா கேட்டபோதும் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே இருந்தாள்.

பென்சிலுக்கும் வேறு சொல் இருந்தது. எழுதுகோல். வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

விழுங்கினாள்.

"பென்சிலா, பாப்பா?" என்றார் சவரிமுத்து, மெதுவாக.

வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்த பேராசிரியை நிமிர்ந்து பார்த்தார். கனிந்த முகம்.

"பரவாயில்லம்மா. அறிவுறுத்தல் எழுதின தாளை அவர்கிட்டயே குடுத்துடு, படிச்சுக்கட்டும். மார்க் குறைக்க மாட்டேன்."

கொடுத்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். யாரும் குறை சொல்லப் போவதில்லை.

அவள் தலையை அசைத்தாள்.

"ந…நான் சொல்றேன் மேடம்."

பிறகு ஓட்டுநரிடம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க எடுத்துக் கு…குடுக்காதீங்க."

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.

கண்ணாடியில் தடுக்கினாள். நட்சத்திரத்தில் தடுக்கவில்லை. பென்சிலின் முறை வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் தானாக மூடப் பார்த்தது, மூடவிடவில்லை. பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பேராசிரியை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

பென்சில்.

முழுசாக வந்தது.

நாலாவது வாக்கியத்தையும் சொல்லி முடித்துவிட்டு நிறுத்துகடிகாரத்தை அழுத்தினாள்.

இருபத்தாறு வருடம் ஸ்டியரிங் பிடித்த கை, நட்சத்திரத்தின் முதல் முனையிலேயே திணறியது. மேலே ஏற வேண்டிய பென்சில் கீழே இறங்கியது. திருப்பினார். இன்னும் தள்ளிப் போயிற்று. நெற்றியில் வேர்வை பூத்தது. துடைக்கவில்லை. கோட்டுக்கு வெளியே போய்ப் போய்த் திரும்பி வந்து, ஒருவழியாகச் சுற்றி முடித்தார்.

ஐந்து நிமிடம். முப்பத்தோரு பிழை.

சோதனை முடிந்ததும் அனுபவத்தைக் கேட்டு எழுத வேண்டும். கேட்டாள்.

சவரிமுத்து விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"வழி நல்லாத் தெரியுது பாப்பா. கைதான் கேக்க மாட்டேங்குது. பாக்குறவனுக்கு, இந்த ஆளுக்கு வழியே தெரியாதுன்னுதான் தோணும்."

அவள் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டாள்.

பேராசிரியை மதிப்பெண் தாளை எடுத்தார்.

"சரி, ஏன் அப்படி ஆகுது? விளக்கம் எழுதியிருந்தா காட்டும்மா, போதும்."

எழுதியிருந்தாள். ரெக்கார்டு நோட்டில், படம் போட்டு, இரண்டு பக்கம்.

நோட்டை மூடி ஓரமாக வைத்தாள்.

"கொ…கொஞ்ச நேரமாகும் மேடம்" என்றாள்.