பச்சைக் கோடு

அப்பழுக்கில்லாத கோப்பைக் கண்டாலே எஸ்தருக்குச் சந்தேகம் தட்டும். குழந்தைகள் இல்லங்கள் போடும் திட்டங்களைச் சரிபார்க்க வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் அவள். இந்த இல்லத்தில் வளரும் பத்து வயது ஜெனிபாவின் கோப்பில் ஒரு பிசிறுகூட இல்லை.

சித்தி பார்க்க வந்த நாட்களில், ஜெனிபாவின் கைப்பட்டை வரைந்த இதயத்துடிப்புக் கோடு முதலில் சிவப்பாக எகிறியிருந்தது. "பயம்" என்று முடிவுகட்டிய இல்லத்தின் கணிப்பு இயந்திரம் சந்திப்பு நேரத்தைப் பாதியாகக் குறைத்தது. அதன்பின் நான்கு மாதமாக ஒரே பச்சைக் கோடு. "பாசம் இல்லை, சந்திப்பை நிறுத்தலாம்" என்று இப்போது எழுதியிருந்தது. எஸ்தரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவளோ வேண்டுமென்றே சித்தி வரும் நாளாகப் பார்த்து வந்திருந்தாள்.

"சித்தியக் கண்டா பயமா மக்களே?"

"இல்ல மேடம்."

"பின்ன முதல்ல ஏன் அப்படித் துடிச்சுது?"

"சித்தி வந்தாவல்லா. அந்தச் சந்தோசம்."

"இப்ப துடிக்கவே இல்லியே?"

ஜெனிபா கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"துடிச்சா அவியள சீக்கிரம் அனுப்பிருவாங்க. அதான் மனசுக்குள்ள பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுவேன். அடங்கிரும்."

எஸ்தர் பேனாவை மூடினாள்.

"நான் கையெழுத்துப் போடல. சித்தி வாசல்லதான் நிக்காவ. கூப்பிடட்டா?"

ஜெனிபா சிரிக்கவில்லை. எழுந்து ஓடவும் இல்லை. கைப்பட்டையை மறு கையால் இறுகப் பொத்திக்கொண்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

"ஒரு பதினாறு பதினாறு, ரெண்டு பதினாறு முப்பத்திரெண்டு..."