கோப்பின் பெயர்

"என் மகன் கடைசியா எழுதின கடிதத்தை இவ அழிச்சிட்டா. எனக்குத்தான் ஏதோ எழுதியிருப்பான். எப்படியாவது எடுத்துக் குடுங்க" என்றாள் லொரெய்ன்.

புற்றுநோயில் இறந்த டிராவிஸின் லேப்டாப் வெண்டலின் மேசைமேல் திறந்திருந்தது. அழித்த கோப்புகளைத் தோண்டி எடுப்பதில் டொலிடோ நகரிலேயே கெட்டிக்காரர் அவர்.

மருமகள் கென்ட்ரா கதவருகிலேயே நின்றாள். "வேண்டாம் லொரெய்ன், விட்டுடுங்க."

"பயமா இருக்கா? உன் வண்டவாளம் இன்னிக்கு வெளிய வரட்டும்டி!"

வெண்டல் தொண்டையைக் கனைத்தார். "கடிதத்தை மீட்க முடியல மேடம். ரீசைக்கிள் பின் பதிவுல அதோட பேரும், அழிச்ச நேரமும் மட்டும்தான் மிச்சம்."

"எப்ப அழிச்சா?"

"மார்ச் ஒன்பது, காலைல எட்டே கால்."

"அடிப்பாவி! அவனை அடக்கம் பண்ணின அன்னிக்கா? உனக்கு மனசாட்சியே இல்லையா? பேரு என்ன, அதையும் படிங்க!"

வெண்டல் தயங்கிக் கென்ட்ராவைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"படிங்கன்னு சொல்றேன்ல!"

அவர் மெதுவாகப் படித்தார்: "என் கடைசி ஆசை, அடக்கத்துக்கு அம்மா வரக்கூடாது."

அடக்கத்தன்று காலை ஒன்பது மணிக்கு லொரெய்னை வீட்டிலிருந்து அழைத்துப்போய், தேவாலயத்தின் முன்வரிசையில் உட்காரவைத்தவள் கென்ட்ரா.