குந்தாரப்பள்ளி டைலர் தைத்த ஜாக்கெட்

ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போன பெண்ணை ஒரே ஒரு பார்வை பார்த்து, அந்த பஸ் ஓசூர் போய்ச் சேருமுன்னே ஜாக்கெட் தைத்து அவள் கையில் சேர்த்தவர் குந்தாரப்பள்ளி டைலர் வெங்கடப்பன். அளவு மயிரிழைகூடப் பிசகவில்லையாம். அவரே சொன்னது.

சுமலதா நம்பவில்லை. பழைய ஜாக்கெட்டை அளவுக்கு வைத்துத்தான் துணி கொடுத்தாள். தைத்து வந்ததைப் பிரித்தால், முன்பக்கம் பலகை போலத் தட்டையாக இருந்தது.

"என்னண்ணா, செவுத்துக்குத் தெச்சீங்களா?"

"கை தானா வெட்டிடுச்சும்மா," என்றார் வெங்கடப்பன். அவருக்கே முகம் சுருங்கிப்போயிற்று.

சுமலதா ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அம்மாவையும் சின்னம்மாவையும் கொண்டுபோன மார்பகப் புற்றுநோய் அவளுக்கும் வரக்கூடும் என்று மரபணுப் பரிசோதனையில் வந்திருந்தது. வருமுன்னே இரண்டு மார்பையும் எடுத்துவிடலாம் என்ற பெங்களூர் டாக்டருக்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. வீட்டில்கூட யாருக்கும் தெரியாது.

வெகுநாள் யோசித்த பிறகே ஆபரேஷன் செய்துகொண்டாள். புண் ஆறியதும் ஒரு கல்யாணத்துக்கு அந்த ஜாக்கெட்டைப் போட்டாள். எங்கும் இழுக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை.

மறுவாரம் மகளோடு கடைப்பக்கம் போனாள். "அந்த ஜாக்கெட்டக் கொண்டாம்மா, சரி பண்ணித் தரேன்," என்ற வெங்கடப்பன், பேச்சோடு பேச்சாக மகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

சுமலதா சட்டென்று நடுவில் வந்து நின்றாள்.

"வேணாண்ணா, அது சரியாத்தான் இருக்குது. அந்த பஸ் கதைகூட நெசந்தான்." மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவளுக்கு மட்டும் ரெடிமேடே போதும்."